லிட்டருக்கு எவ்வளவு?

புதிதாக மகிழுந்து வாங்கியவரிடம் நம் நாட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி விலையைப் பற்றியதன்று, நிறத்தைப் பற்றியதுமன்று. "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" என்பதே அக்கேள்வி. மாடு வாங்கி வந்தவனிடம் "எத்தனை படி கறக்கும்?" என்று கேட்ட ஊர் இது. கேள்வியின் சொற்கள் மாறியிருக்கின்றனவே தவிர, அதன் உள்ளே இருக்கும் கவலை மாறவில்லை. வாங்கும்போது ஒரு முறை கொடுத்து முடிக்கும் பணம் வேறு; வைத்திருக்கும் நாளெல்லாம் தீனியாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய பணம் வேறு. முதலாவதைக் கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாம். இரண்டாவது, குடும்பத்தின் அன்றாட அடுப்பிலிருந்து எடுக்கப்படுவது.

இக்கேள்விக்கு விடையாக விற்பனைக்கூடத்தில் ஓர் எண் தரப்படுகிறது. அழகிய தாளில், வண்டியின் படத்தருகே, அந்த எண் அச்சாகியிருக்கும். அதை நம்பிப் பலர் மாதக் கணக்கைப் போடுகின்றனர். சில மாதங்கள் சென்றபின், வண்டி கொடுக்கும் எண் வேறாகவும் தாள் சொன்ன எண் வேறாகவும் நிற்பதைக் காண்கின்றனர். இவ்வேறுபாட்டைச் சிறு ஏமாற்றமாக விழுங்கிவிட்டு நடப்பவரே மிகுதி. எங்களால் அப்படி விழுங்க இயலவில்லை. அதன் காரணத்தைச் சொல்வது இக்கட்டுரைக்குத் தேவையாகிறது.

செங்கல்பட்டில் எங்கள் பங்கைச் சேர்ந்த சில குடும்பத்தார் கூடி ஒரு சிறு பணியை நடத்தி வருகிறோம். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரைக் குப்பங்களில் வாழும் நோயாளிகளைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்து வந்து, மருத்துவம் முடிந்ததும் வீட்டில் கொண்டு சேர்ப்பதே அப்பணி. 108 ஊர்தி உயிர் ஊசலாடும் வேளைக்கு உரியது. சிறுநீரகக் கோளாற்றால் இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரந்தோறும் வருபவரும், எலும்பு முறிந்து கட்டு மாற்ற வருபவரும், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொண்டு தள்ளாடித் திரும்புபவரும் அந்த ஊர்தியை அழைக்க இயலாது. பேருந்து உண்டு. ஆனால் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இரத்தம் ஓடவிட்டு எழுந்தவர், திருக்கழுக்குன்றம் வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம் கம்பியைப் பிடித்து நின்று செல்வதைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இதற்காகவே சென்ற ஆண்டு ஒரு சிறிய பெட்ரோல் மகிழுந்து வாங்கப்பட்டது. தவக்காலச் சேமிப்பும் அன்பியங்களின் மாதக் காணிக்கையும் சேர்ந்து, எரிபொருளுக்கென்று மாதம் 7,000 ரூபாய் ஒதுக்க முடிந்தது. தாளில் இருந்த எண் லிட்டருக்கு 21 கிலோமீட்டர். வண்டி செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குச் சென்று, நோயாளியை ஏற்றி வந்து, மீண்டும் கொண்டு விட்டுத் திரும்ப, ஒரு நடைக்கு 120 கிலோமீட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், ஒரு நடைக்கு 571 ரூபாய். 7,000 ரூபாய்க்கு மாதம் 12 நடைகள். பன்னிரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது.

வண்டியோ லிட்டருக்கு 14 கிலோமீட்டர்தான் கொடுத்தது. ஒரு நடைக்கு 857 ரூபாய் ஆயிற்று. 12 நடைகளுக்கு ஏறத்தாழ 69 லிட்டர் போதும் என்று எழுதிய இடத்தில் 103 லிட்டர் செலவாயிற்று. 7,000 ரூபாய்க்கு 8 நடைகளே கிடைத்தன. தாளின் எண்ணுக்கும் சாலையின் எண்ணுக்கும் இடையே நின்ற 7 கிலோமீட்டர், எங்கள் குறிப்பேட்டில் நான்கு மனிதர்களாக மாறிற்று. வண்டி பத்தாயிரம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டதால், எஞ்சின் இன்னும் பழகவில்லை என்ற ஆறுதலும் செல்லவில்லை.

இதனினும் கனமான ஒன்று பின்னர் வந்தது. காணிக்கை தருவோர் கூடிய கணக்குக் கூட்டத்தில், "69 லிட்டரில் முடிய வேண்டியது 103 ஆனது எப்படி?" என்ற கேள்வி எழுந்தது. கேட்டவரின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஆயினும் அறையில் இருந்த கண்கள் பல, வாசலருகே நின்றிருந்த ஓட்டுநர்த் தம்பியை நோக்கித் திரும்பின. பெட்ரோலைக் குழாய் வைத்து உறிஞ்சி விற்கும் ஓட்டுநர்களின் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தத் தம்பி குறைந்த ஊதியத்துக்கு இப்பணிக்கு வந்தவர்; நோயாளிகளைக் கைத்தாங்கலாகத் தூக்கி இறக்குபவர். "ஐயா, ஒரு சொட்டுகூட நான் தொடலீங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஒருவர் விடை சொல்ல நேர்வதே பெரும் துன்பம். அந்த எண் சரியா தவறா என்று கண்டறிவது, அன்று முதல் பெட்ரோலைப் பற்றிய காரியமாக மட்டும் இல்லாமற் போயிற்று. ஒருவருடைய நற்பெயர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

வழி காட்டியவர், எங்களுள் ஒருவரான, ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். செங்கல்பட்டு, சந்திப்பு நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊராதலின் இப்படிப்பட்டவர்கள் எங்களிடையே பலர் உண்டு. "ரயில் எஞ்சினுக்கும் இந்த நடைக்கு இவ்வளவு எண்ணெய் என்று கணக்குண்டு. ஆனால் இழுத்த எடை, பாதையின் ஏற்றம், வழியில் நின்ற நேரம் மூன்றையும் எழுதாமல் ஓட்டுநரிடம் கணக்குக் கேட்பது நியாயமாகாது" என்றார் அவர். ஐந்து முறை வண்டியில் தாமே உடன் அமர்ந்து செல்வதாகவும் சொன்னார்.

அளந்த முறை எளியது. ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே குழாயில், தானாக நின்றுவிடும் வரை தொட்டியை நிரப்புவது. தூரம் காட்டும் மீட்டரைச் சுழியத்தில் வைப்பது. ஓடியபின் அதே இடத்தில் மீண்டும் அவ்வாறே நிரப்புவது. ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. ஒரு முறை அளந்தால் சில நூறு மில்லி லிட்டர் ஏறவோ குறையவோ கூடும். பலமுறை அளந்து சராசரி கண்டால் அப்பிழை கரைந்துவிடும். ஐந்து நிரப்புகளிலும் 13.6 முதல் 14.3 வரையே வந்தது. பெரியவர் பக்கத்தில் இருந்தபோதும் அதே எண். இல்லாதபோது பதிவானதும் அதே எண். ஓட்டுநரைப் பற்றிய ஐயம் அன்றே தீர்ந்தது. பெரியவர் அக்குறிப்பை அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்.

எனினும் காரணம் இன்னும் தெரியவில்லை. பழுதுபார்க்கும் நிலையத்தில் கணினியை இணைத்துப் பார்த்துவிட்டு, வண்டியில் குறை ஏதும் இல்லை, ஓட்டும் விதத்தில்தான் இருக்கும் என்று சொல்லியனுப்பினர். மீண்டும் பழி ஓட்டுநரின் தலையிலேயே வந்து விழுந்தது. ஆகவே ஒரு ஞாயிறன்று விடியுமுன், குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, அதே தம்பியை ஓட்டச் சொல்லி, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை சென்று அதே பாதையில் திரும்பினோம். வேகம் 60 முதல் 70 வரை, ஒரே சீராக. கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத்தின் முன் சற்று நின்று செபித்ததைத் தவிர எங்கும் நிற்கவில்லை. 100 கிலோமீட்டருக்குச் செலவானது 5.4 லிட்டர், லிட்டருக்கு 18.5 கிலோமீட்டர். அதே வண்டி, அதே கைகள், அதே பெட்ரோல். மாறியது பாதையும் வேளையும் மட்டுமே.

இவ்விடத்தில் தாளிலுள்ள எண் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிய வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் மகிழுந்துகள், 1966-இல் நிறுவப்பட்ட புனே வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடங்களில் சான்று பெறுகின்றன. மக்கள் வழக்கில் 'அராய் மைலேஜ்' எனப்படுவது இதுவே. வண்டி சாலையில் ஓடுவதில்லை. உருளைகளின் மேல் நிறுத்தப்பட்ட வண்டி, நின்ற இடத்திலேயே, முன்கூட்டி வகுத்த ஓர் அட்டவணைப்படி ஓட்டப்படுகிறது. ஐரோப்பாவில் முன்பு வழங்கிய அட்டவணையை ஒட்டி, நம் நாட்டுக்கெனத் திருத்தி அமைக்கப்பட்டது அது. மொத்த நேரம் ஏறத்தாழ 20 நிமிடங்கள். தூரம் 11 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். வேகம் கூட்டுவதும் குறைப்பதும் மிக மென்மையாக. குளிர்சாதனம் ஓடாது. வேகத்தடை இல்லை, எதிரே வரும் மாட்டுவண்டி இல்லை, சித்திரை வெயில் இல்லை, பின்னிருக்கையில் வலியோடு படுத்திருக்கும் நோயாளியும் இல்லை.

இச்சோதனை பொய்யானது என்று சொல்வதற்கில்லை. எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்தி ஒப்பிட அது பயன்படுகிறது. எது மிகுதியாகக் குடிக்கும், எது குறைவாகக் குடிக்கும் என்று காட்டுகிறது. ஆனால் 'இந்த வண்டியை விட அந்த வண்டி மேல்' என்று சொல்ல ஏற்பட்ட எண், 'உன் வீட்டுச் செலவு இவ்வளவு' என்று சொல்லப் பயன்படுத்தப்படுகிறது. இருமணி கேட்கப்படும்போது ஒருமணிக்கு விடை சொல்வது போன்றது இது. விடை தவறன்று, கேள்விதான் வேறு.

எங்கள் பாதையைப் பாருங்கள். செங்கல்பட்டு நகரின் நெரிசலில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்து வெளிவர வேண்டும். ஊருக்கு ஊர் வேகத்தடை. ஒவ்வொரு தடையிலும், அதுவரை பெட்ரோல் எரித்துப் பெற்ற வேகம் முழுவதும் பிரேக்கின் சூடாகக் கரைந்து போகிறது. பிறகு மீண்டும் எரித்து அதைப் பெற வேண்டும். எலும்பு முறிந்தவரை ஏற்றியிருந்தால் தடைகளுக்கிடையிலும் மெல்லத்தான் செல்ல இயலும். குளிர்சாதனம் எஞ்சினின் உழைப்பில் ஒரு பங்கைத் தின்கிறது. மருந்தேற்றிக்கொண்டு வருபவரிடம் அதை நிறுத்தச் சொல்ல எவருக்கு மனம் வரும்? மருத்துவமனை வாயிலில் சீட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் குளிர்சாதனத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை குடிக்கக் கூடும். அந்த ஒரு மணி நேரத்தில் கடந்த தூரமோ சுழியம்.

வேகம் குறைந்தால் மட்டுமன்று, கூடினாலும் இழப்பு உண்டு. வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 50-இல் செல்லும் வண்டி 100-இல் சென்றால், காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் வண்டிகள் கடலழகைப் பார்ப்பதில்லை என்பது ஒரு குறை. எரிபொருளைக் காற்றுக்குக் காணிக்கையாக்குகின்றன என்பது மற்றொன்று. பிற்பகலில் எழும் கடற்காற்றும் தன் பங்குக்கு ஒரு திசையில் முதுகைத் தள்ளும். மறு திசையில் மார்பில் கை வைத்துத் தடுக்கும். போன வழியே திரும்பி வந்து அளக்க வேண்டும் என்று பெரியவர் வற்புறுத்தியது இதனால்தான்.

18.5-க்கும் 21-க்கும் இடையே எஞ்சிய வேறுபாட்டில் பெட்ரோலுக்கும் பங்குண்டு. 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2030-க்கென முதலில் குறிக்கப்பட்ட இந்த இலக்கு 2025-இலேயே எட்டப்பட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், தொட்டியிலுள்ள மொத்த ஆற்றல் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையும். பள்ளிக் கணக்கே போதும். கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக் கலவைக்குச் சீரமைத்த கார்களில் இவ்வளவு குறையும் என்றும், 10 விழுக்காட்டுக்கென வடிவமைத்து 20 விழுக்காட்டுக்குச் சீரமைத்தவற்றில் 1 அல்லது 2 விழுக்காடே குறையும் என்றும் நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. எத்தனாலால் நன்மையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வாங்கும் கச்சா எண்ணெய் அந்த அளவு குறைகிறது. கரும்பும் சோளமும் விளைவிக்கும் உழவர்களுக்கு ஒரு சந்தை கிடைக்கிறது. கரும்பு விளையும் மதுராந்தகத்துக்கு அண்டையில் இருந்துகொண்டு அதை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் படியின் உட்பொருள் மாறும்போது, படியில் எழுதியிருக்கும் எண்ணும் மாற வேண்டும் என்று கேட்பது முறைதானே?

இந்த ஏமாற்றம் எங்களுடையது மட்டுமன்று. எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலை நகரில் 2022 வரை மகிழுந்துகளை உருவாக்கி வந்தது ஃபோர்டு நிறுவனம். 2014-இல் கேரளத்தில் ஒரு பெண்மணி அந்நிறுவனத்தின் மகிழுந்து ஒன்றை வாங்கினார். லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்பது விளம்பரம். நிறைவடையாத அவர் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடினார். ஆணையம் அமர்த்திய வல்லுநரின் சோதனையில் கிடைத்தது 19.6 கிலோமீட்டர், ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. 2022-இல் அவருக்கு 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையம் தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகள் ஒரு தனி மனிதர் ஓர் எண்ணை எதிர்த்து நின்றார் என்பதே இதில் எங்களைத் தொட்டது.

அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் தம் மகிழுந்துகளின் எரிபொருள் எண்களை உயர்த்திக் காட்டியதை 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டன. 2014-இல் 10 கோடி டாலர் தண்டம் செலுத்த உடன்பட்டன. ஓடும் வண்டியைத் தன்போக்கில் உருளவிட்டு அதன் வேகம் குறைவதை அளந்தே, சோதனை உருளைகளின் எதிர்ப்பு அமைக்கப்படுகிறது. அந்த ஓட்டங்களுள், பின்னாலிருந்து காற்று தள்ளிய சாதகமான ஓட்டங்களைப் பொறுக்கியெடுத்துக்கொண்டனர் என்பது அரசின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஜப்பானில் மிட்சுபிஷி நிறுவனம், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு மகிழுந்துகளின் சோதனைத் தரவுகள் திரிக்கப்பட்டதை 2016 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவிலோ, திருட்டு ஏதும் நிகழாதபோதும், கூடத்து எண்ணுக்கும் சாலை எண்ணுக்கும் இடையிலான பிளவு 2001-இல் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்து 2015-இல் 40 விழுக்காட்டைத் தாண்டியதை ஆய்வாளர் கண்டனர். வண்டிகள் சாலைக்காக அன்றிச் சோதனைக்காகவே தேர்ந்துகொண்டு வந்தன என்பதே இதன் பொருள். தேர்வுக்காக மட்டும் படிக்கும் மாணவரை நாம் அறிவோமல்லவா?

பரிகாரமும் உலகில் இல்லாமல் இல்லை. 2017 முதல் ஐரோப்பா, நீண்டதும் கடினமானதுமான புதிய சோதனைக்கு மாறிற்று. 20 நிமிடம் 30 நிமிடமாயிற்று, 11 கிலோமீட்டர் 23 ஆயிற்று. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் தொடங்கி, குளிர்சாதன ஓட்டம், கடுங்குளிர், உயர்வேகம் ஆகியவற்றையும் கணக்கிலெடுத்தே அட்டையில் எண்ணை எழுதுகின்றனர். எண் சிறிதாகிறது, நம்பிக்கை பெரிதாகிறது. நம் நாட்டிலும், தவறான விளம்பரங்களைத் தண்டிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. தேதியிட்டு, ரசீது இணைத்து எழுதிய ஒரு சிறு குறிப்பேடு, அச்சட்டத்தின்முன் நூறு புலம்பல்களை விட வலிமையுடையது.

அளவையைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த அச்சத்தை இங்கே நினைவுகூர வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் அளித்த பொன், 'ஆடவல்லான்' என்னும் நிறைகல்லால் நிறுக்கப்பட்டதாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நிறைகல்லுக்கே கடவுளின் பெயர்! எங்களுக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் வைத்தாற்போலப் பொன்னுக்கும் ஒரு வாரியம் வைத்திருந்தனர். விவிலியத்திலும் இவ்வச்சமே பேசுகிறது. லேவியர் நூல், பத்தொன்பதாம் அதிகாரத்தில், முதியோரை மதிப்பதையும் அந்நியரை அன்பு செய்வதையும் கட்டளையிட்ட அதே மூச்சில், தராசிலும் எடைக்கல்லிலும் மரக்காலிலும் நேர்மையைக் கட்டளையிடுகிறது. மரக்காலைச் சிறிதாக்கி விற்றவர்களை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்ததும் ஏழைகளின் பொருட்டே. குறைந்த அளவை எல்லாரையும் ஏமாற்றும். ஆயினும் செல்வன் அதை உணர்வதில்லை, ஏழையின் கலயத்தில்தான் அது வெற்றிடமாகத் தெரியும்.

இந்நிகழ்ச்சி எங்களுக்குக் கற்பித்தது இதற்கும் ஒரு படி அப்பால் உள்ளது. நிலைமைகளைச் சொல்லாமல் சொல்லப்படும் ஓர் எண், தன் பொருட்டுப் பிறரைக் குற்றவாளியாக்குகிறது. தாள் 21 என்று சொன்னதால், 14 கொடுத்த வண்டியைப் பற்றி ஐயம் எழுமுன், அதை ஓட்டிய மனிதரைப் பற்றி எழுந்தது. பொய்ச்சான்றுக்கு எதிரான எட்டாம் கட்டளையை நாவுக்கு உரியதாகவே எண்ணி வருகிறோம். அச்சிட்ட எண்ணும் சான்று சொல்லக் கூடும். கூடத்தில் எடுத்த விளைச்சல் கணக்கை வைத்து உழவனைச் சோம்பேறி என்பதும், நகரத்துப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துக் குப்பத்துப் பள்ளி ஆசிரியரைத் திறமையற்றவர் என்பதும், வேறொரு வீட்டின் செலவுக் கணக்கைக் காட்டி மனைவியை ஊதாரி என்பதும் இவ்வகைச் சான்றுகளே. இழுத்த எடை, பாதையின் ஏற்றம், நின்ற நேரம்: இம்மூன்றையும் கேட்டறியாமல் எவரிடமும் கணக்குக் கேட்பதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் முடிவு செய்தால், எத்தனை வீடுகளில் சண்டை குறையும்!

எங்கள் குறிப்பேட்டில் இப்போது புதிய பத்திகள் வந்துள்ளன. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, காத்திருந்த நேரம் எவ்வளவு, ஒரு நோயாளிக்கு எத்தனை லிட்டர் என்பவற்றையும் எழுதுகிறோம். மருத்துவமனையில் வண்டி மரநிழலில் எஞ்சினை அணைத்துக் காத்திருக்கிறது. சராசரி 15 ஆகியிருக்கிறது. அண்டைக் குப்பங்களைச் சேர்ந்த இருவரை ஒரே நாளில் சேர்த்து அழைத்து வருவதற்கு மருத்துவமனைச் செவிலியர் சிலர் தேதிகளை ஒத்திசைத்துத் தந்தனர். ஆகவே மாதம் 8 நடைகளில் 10 பேர் வந்து செல்கின்றனர். நகருக்குள் அவர்களை வரவேற்கும் தம்பியின் முகத்தில் பழைய சிரிப்பும் திரும்பியிருக்கிறது.

பத்துப் பேர், பன்னிரண்டு பேரல்லர். இன்னும் இருவருக்கு மாதம் 16 லிட்டர் வேண்டியிருக்கிறது, 1,600 ரூபாய். அவர்கள் இருவரும் பேருந்தில் வருகின்றனர். ஒருவர் சதுரங்கப்பட்டினத்து மூதாட்டி. மற்றவர் வலை பின்னும் தொழிலாளி. அவர்களுக்கு இடம் கிடைக்கிறதா என்று பார்த்து ஏற்றிவிடுவதற்கு, அந்த நாள்களில் அவ்வூர் இளைஞர் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். அந்த 16 லிட்டர் எங்கிருந்து வரும் என்பதே அடுத்த கூட்டத்தின் முதற்பொருள்.